சயனைடு மேட்டில் இறங்கிய ஹெலிகாப்டர்

மாரிகுப்பத்து ரயிலில் பெங்களூருக்குப் போய், அங்கே திரையில் தினமும் எங்கள் ஊருக்கே திரும்பிவிடுவேன். வேலையிடத்தின் இருட்டுக் கூடத்தில், ஆறு கால்களில் அசையும் சிமுலேட்டர் பெட்டி ஒன்று இருக்கிறது. ராணுவ ஹெலிகாப்டர் ஓட்டுபவர்களுக்குப் பயிற்சியும் தேர்வும் அதற்குள்தான். அவர்களுடைய கண்ணாடிக்கு வெளியே தெரியும் நிலத்தைக் கணினியில் செய்வது என் வேலை. விமானிகளுக்குப் பழக்கமில்லாத ஊர் ஒன்று வேண்டுமென்றார்கள். கேட்ட அன்றே எங்கள் தங்கச் சுரங்க ஊரான கேஜிஎஃப்பைக் கொடுத்துவிட்டேன்.

அன்று ஒரு வேலூர்க்காரக் கேப்டனுக்கும் அவருடைய துணை விமானிக்கும் தேர்வு. தேறினால்தான் கேப்டன் தன் பொறுப்பில் பறக்கலாம். தேர்வாளர் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்தேன். எங்கள் கோரமண்டல் பகுதிக்கு மேலே இளவெயிலில் மிதந்து வந்தார்கள். எங்கள் வீட்டு ஓடுகூடத் தெரிந்தது. தேர்வாளர் விசையைத் தட்டி ஓர் எஞ்சினை நிறுத்தினார்.

"சார், அந்த மேடு தட்டையா இருக்கு," என்றார் துணை விமானி.

"மேஜையாட்டம் கீதே! எறங்கிடலாம்," என்றார் கேப்டன்.

பெட்டி மெல்லக் குலுங்கி நின்றது. தேர்வாளர் பேனாவைத் திறந்தார்.

அது சயனைடு மேடு. தங்கம் பிரித்தபின் சுரங்கம் கொட்டிய தூள். காற்றடித்தால் எங்கள் தெருவில் சோற்றுத் தட்டை மூடுவார்கள். ஹெலிகாப்டர் விசிறிக்கு அது கிளம்பினால் கண்ணே தெரியாது. சின்ன வயதில் அதில் ஏறி விளையாடிய நானே, செயற்கைக்கோள் படத்தில் வழவழவென்று இருந்ததால் 'கெட்டித் தரை' என்று குறித்திருந்தேன். வாயை மூடிக்கொண்டால் அவர் தேறிவிடுவார். பிறகு ஒருநாள் நிஜத் தூளில் இறங்குவார்.

"சார், எழுதாதீங்க. அது தரை இல்ல, மாவு. தப்பு என்னுது."

தேர்வாளர் பேனாவை மூடி, திருத்த அரைமணி நேரம் கொடுத்தார்.

கேப்டன் இறங்கி வந்தார். "இன்னாம்மா, ஊருக்கு வந்தவங்கள இப்டியா பொதைப்பீங்க?"

"மன்னிச்சிருங்க சார்."

"சரி, வேற எங்கதான் எறங்கறது?"

"அத சொல்லக் கூடாதுங்க."

"பாருய்யா, இப்ப மட்டும் வாய மூடிக்கினாங்க!"

கணினியில் மேட்டைத் தூளாக்கி முடித்தேன். மறுபடி பறந்தார்கள். இம்முறை மாரிகுப்பம் அருகில் எஞ்சின் நின்றது. தாழ்ந்து போகையில் மேட்டின் விளிம்பில் தூள் கிளம்பியது. வெள்ளையாக, அவசரமில்லாமல், கண்ணாடியில் பாதி ஏறியது. நான் செய்த தூள்தான், இருந்தும் மூக்கைப் பொத்திக்கொண்டேன். கேப்டன் விலகி, தண்டவாளத்தை ஒட்டிய மைதானத்துக்குத் திரும்பினார்.

"கோல் போஸ்ட் இருக்கு சார்!"

"நடுவுல போட்டுடலாம்."

போட்டார். தேர்வாளர் 'தேர்ச்சி' என்று எழுதிவிட்டு, மற்ற மேடுகளையும் என்னைப் பார்க்கச் சொல்லிப் போய்விட்டார். காலியான பெட்டி என் ஊர்மேல் தொங்கிக்கொண்டிருந்தது. நான் ஒவ்வொரு மேடாகத் தூளாக்கிக்கொண்டிருந்தேன்.