அம்மாவின் இடது கால்

நான் அமெரிக்காக்காரர்களின் கால்களை வைத்துப் பிழைக்கிறேன். பெரம்பலூரில் வாடகை வீட்டு மாடியறையில் உட்கார்ந்து, திருச்சிக் கம்பெனி ஒன்றுக்காக, எங்கோ யாருக்கோ நடந்த கால் ஆபரேஷனின் குறிப்பை வாசித்து அதற்குரிய குறியீட்டு எண்ணைப் போடுவது என் வேலை. அந்த எண்ணைப் பார்த்துத்தான் அங்கே இன்சூரன்ஸ்காரன் ஆஸ்பத்திரிக்குப் பணம் கொடுப்பான். முட்டிக்கு மேலா கீழா, ஒரு எலும்பா இரண்டா, தகடா கம்பியா என்று எல்லாம் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக வலதா இடதா என்று பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டால் ஆடிட்டர் அன்று முழுக்க என்னைத் தாளித்து எடுத்துவிடுவார்.

முகம் தெரியாத ஒருவரின் காலுக்கு இவ்வளவு மரியாதை. என் அம்மாவின் காலுக்குக் கிடைத்த மரியாதையை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

அம்மா அரியலூர் பக்கம் கிராமத்தில் என் தம்பி குடும்பத்தோடு இருக்கிறார். போன வருஷம் பருத்தி எடுக்கப் போன இடத்தில் முள் குத்தி, சர்க்கரை உடம்பு என்பதால் புண் ஆறாமல், இடது கால் சுண்டுவிரல் கறுத்துப்போனது. அரியலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அரசுக் காப்பீட்டு அட்டையைக் காட்டி விரலை எடுத்தோம். முட்டி வரைக்கும் கட்டுப் போட்டு, காப்பீட்டுக்கு அனுப்ப ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு அனுப்பி வைத்தார்கள். புண் ஆறியது. அம்மா மறுபடியும் காட்டு வேலைக்குப் போக ஆரம்பித்தார். அத்தோடு அந்தக் கதை முடிந்தது என்றுதான் நினைத்திருந்தோம்.

இந்த வருஷம் மழைக்காலத்தில் என்னைப் பார்க்க வந்தவர், பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது படி வழுக்கி விழுந்தார். அதே இடது கால். முட்டிக்குக் கீழே எலும்பு முறிந்து தோலும் கிழிந்திருந்தது. பக்கத்திலிருந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் எக்ஸ்ரேவைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தகடு வைத்தால் சரியாகிவிடும் என்றார். ஆனால் சர்க்கரை இருக்கிறது, நாள் கடத்தினால் சீழ் பிடித்துவிடும், அப்புறம் முட்டிக்குக் கீழே எடுக்க வேண்டிய நிலைமை கூட வரலாம் என்றார். கையிலிருந்து கட்டும் வசதி எங்களுக்கு இல்லை. அதே காப்பீட்டு அட்டையைத்தான் கொடுத்தோம்.

சாயங்காலம் காப்பீட்டுக் கவுண்டரில் இருந்தவர் என்னைக் கூப்பிட்டார். அவருடைய முகமே சரியில்லை. அனுமதி கிடைக்கவில்லை என்றார். பேஷண்டுக்கு இடது கால் முட்டிக்குக் கீழே ஏற்கெனவே எடுத்தாயிற்று, இல்லாத காலுக்கு ஆபரேஷன் கேட்டிருக்கிறீர்கள் என்று பதில் வந்திருக்கிறதாம்.

நான் திரும்பிப் பார்த்தேன். திறந்திருந்த வார்டு கதவு வழியாக அம்மாவின் கட்டில் தெரிந்தது. போர்வைக்கு வெளியே இரண்டு பாதமும் நீட்டிக்கொண்டிருந்தன.

"அப்ப அங்க கெடக்குறது யாரு காலுங்க?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியுதுங்க மேடம். சிஸ்டத்துக்குத் தெரியலையே" என்றார்.

எங்கள் தொழிலில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது ஒன்று உண்டு. குறிப்பில் எழுதவில்லை என்றால் அது நடக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும். எழுதிவிட்டால் நடக்காததும் நடந்ததாகிவிடும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. அதை நான் அம்மாவின் காலில் கற்றுக்கொண்டேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் அரியலூர் போனேன். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னாலேயே பஸ் ஊர்ந்தது. வழி நெடுக, பெரிய மோசடியைக் கண்டுபிடிக்கப் போவதாக நினைத்து என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். அங்கே கவுண்டரில் இருந்த பெண் சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். ஒவ்வொருவருக்கும் புதிதாக எல்லாம் அடித்துக்கொண்டிருக்க நேரமில்லையாம். முந்தின பேஷண்டின் பதிவைத் திறந்து, பேரையும் அட்டை நம்பரையும் மட்டும் மாற்றி அனுப்புவார்களாம். அம்மாவுக்கு முந்தின கட்டிலில் இருந்தவருக்குக் காலை எடுத்திருந்தார்கள். அவருடைய கால் போனது அம்மாவின் கணக்கில் ஏறிவிட்டது. முட்டிப் பக்கக் கட்டு மட்டும் தெரிந்த போட்டோவைப் பார்த்துக் காப்பீட்டு ஆபீஸ்காரர்களும் ஒன்றும் கேட்கவில்லை.

திருத்திக் கொடு என்றேன். பணம் வந்து முடிந்துபோன கிளெய்மைத் திறக்கத் தனக்கு அதிகாரம் இல்லை, மேனேஜர் திங்கட்கிழமை வருவார் என்றாள். அதற்குள் கால் அழுகிவிடும் என்றேன். அவள் மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "இதுல உங்களுக்கு என்னங்கக்கா நஷ்டம், எங்களுக்கு வர்ற பேக்கேஜ் காசுதானே மாறியிருக்கு" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மானிட்டரைத் தூக்கிப் போட்டு உடைத்திருப்பேன். கத்தினேன். செக்யூரிட்டி வந்து, "அம்மா, கொஞ்சம் வெளிய வாங்க" என்று மரியாதையாக வாசல்வரை கொண்டுவந்து விட்டார்.

பெரம்பலூர் திரும்பியபோது அம்மாவுக்குக் காய்ச்சல் தொடங்கியிருந்தது. கவுண்டர்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார். அவர் கெட்டவர் இல்லை, எங்களுக்காகத்தான் யோசித்திருந்தார். வலது கால் என்று போட்டு அனுப்பினால் உடனே அனுமதி வந்துவிடும், சிஸ்டத்தில் வலது கால் இன்னும் இருக்கிறது, ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர் எப்படியும் உடைந்த காலைத்தானே திறப்பார் என்றார்.

அந்த நிமிஷம் சரியென்று சொல்லிவிடத்தான் நினைத்தேன். ஒரு நாளைக்கு நூறு கால்களுக்கு இடம் வலம் பார்க்கிறவள் நான். வாய் வரை வந்துவிட்டது. அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருகிறேன் என்று கட்டிலுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன்.

அம்மா காய்ச்சலிலும் தெளிவாகக் கேட்டார். "அந்தக் காலயும் எழுதிட்டாங்கன்னா, நாளைக்கு அதுக்கு ஒண்ணுன்னா நான் எங்க போயி நிக்கிறது பாப்பா?"

வலதைப் போட வேண்டாம் என்று கவுண்டரில் சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன். அமெரிக்காக்காரனின் கிளெய்ம் திரும்பி வந்தால் எப்படி மேல்முறையீடு எழுதுவோமோ, அப்படியே எழுதினேன். புது எக்ஸ்ரேவை வைத்தேன். முகமும் முட்டியும் மிச்சமிருந்த நான்கு விரலும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி அம்மாவைப் போட்டோ எடுத்து வைத்தேன். கவுண்டர்காரரும் சும்மா இருக்கவில்லை, போன் மேல் போன் போட்டார். கடைசியில் காப்பீட்டுத் திட்டத்து டாக்டர் ஒருவர் கவுண்டர்காரரின் போனில் வீடியோவில் வந்தார். போட்டோ யாருடையதாக வேண்டுமானாலும் இருக்கலாம், பேஷண்ட் காலைத் தூக்கிக் காட்டட்டும் என்றார்.

உடைந்த காலை. நான் கத்துவதற்குள் அம்மா இரண்டு கையாலும் தொடையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். அவர் போட்ட சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்ட, "தெரியுதுங்களா சார்?" என்று அந்தப் போனைப் பார்த்துக் கேட்டார். தெரிகிறது, போதும் என்றார் அவர். அன்றே அனுமதி வந்தது. தகடு வைத்தார்கள், கால் பிழைத்தது. அந்த டாக்டரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

பழைய பதிவை மட்டும் யாரும் தொடவில்லை. இந்த ஆபரேஷனை விதிவிலக்கு என்று எழுதித்தான் அனுமதித்தார்களாம். நான் எழுதிய மனுக்களுக்கெல்லாம் பெற்றுக்கொண்டோம் என்ற பதில் வந்தது. சிஸ்டத்தைப் பொறுத்தவரை அம்மாவுக்கு இன்னும் இடது கால் கிடையாது. அந்தக் காலை ஊன்றித்தான் அம்மா இப்போது என் வீட்டு மாடிப்படி ஏறி வருகிறார்.

போன வாரம் அரியலூர் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பதிவில் என் நம்பர்தான் இருக்கிறது. இலவசமாகச் செயற்கைக் கால் கொடுக்கும் முகாம் நடக்கப் போகிறது, காலை இழந்தவர்கள் பட்டியலில் உங்கள் அம்மா பேர் இருக்கிறது, அளவெடுக்கக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று ஒரு பெண் கனிவாகச் சொன்னாள். நான் இத்தனை மாதமாகச் சேர்த்து வைத்திருந்த அத்தனை வசவையும் அவள் மேல் கொட்ட வாயைத் திறந்தேன். அதற்குள் என்ன விஷயம் என்று அம்மா கேட்டார். சொன்னேன். போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார்.

"வரேன் தாயி" என்றார். "நடந்தே வரேன். அளவெடுக்குறவங்கள இருக்கச் சொல்லு."