பார்த்தீபனின் வீட்டுத் தண்ணீர்

சந்திரனுக்கு ஆள் அனுப்பிய நாடுகள் எல்லாம் முதலில் தொண்டைமானாற்றுப் பார்த்தீபனிடம் வந்து ஆலோசனை கேட்டிருக்க வேண்டும். பிறந்த மண்ணை விட்டுத் தொலைதூரம் போகிறவன் எப்படி ஆயத்தமாக வேண்டும் என்பது இந்தப் பூமியில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். தொழில்நுட்பக் கல்லூரியில் முதலாம் வருடம் படிக்க அவன் நல்லூருக்கு வந்து இறங்கியபோது முதுகில் பை, நெற்றியில் ஊர்ச் சன்னதிக் கோயில் திருநீறு, கைக்கு ஒன்றாக இரண்டு பிளாஸ்டிக் கலன் நிறையத் தண்ணீர். அவன் கடந்து வந்த தூரம் மினிபஸ்ஸில் ஒரு மணித்தியாலம்.

"இதென்னடா, மண்ணெண்ணையோ?" என்றேன். நான் அவனோடு கதைத்த முதல் வசனம் அதுதான்.

"எங்கடை வீட்டுத் தண்ணி. வேறை இடத்துத் தண்ணி எனக்கு ஒத்துவராது."

நான் யதுசன், கொடிகாமம். உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடத்தையும் கோட்டை விட்டுவிட்டு, பிறிட்ஜும் ஏசியும் திருத்தப் படிக்க வந்தவன். பார்த்தீபனுக்கும் அதே படிப்பு. வாடகைக்கு அறை கொடுக்கிற நாகேஸ்வரி அன்ரி, தன் வீட்டுப் பின்னறையில் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துப் போட்டார்.

ஆள் ஆறடி. அவனுடைய அப்பா ஆழ்வாப்பிள்ளை, கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் வலை போட்டுவிட்டு அங்கேயே நித்திரை கொள்கிறவர். அப்பேர்ப்பட்டவருடைய ஒரே மகன், நல்லூரில் இரண்டாம் நாளே யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வடக்குப் பக்கமாகப் பார்த்துக்கொண்டு நின்றான். வீட்டு நினைப்பு என்று மட்டும் வாய் திறந்து சொல்ல மாட்டான். வயிற்றைத் தடவிக்கொண்டு, "தண்ணிதான் மச்சான், தண்ணிதான்" என்பான்.

நாகேஸ்வரி அன்ரிக்கு இது பெரிய மானப் பிரச்சினை. "கனடாவிலை இருந்து வாற சனம் என்ரை கிணத்துத் தண்ணியைக் குடிச்சிட்டு, போத்திலிலை அடைச்சுக் கொண்டு போகுது. இவருக்கு ஒத்துவரேல்லையாம்!"

அவனுடைய அம்மா அருந்ததி அன்ரி கிழமைக்கு இரண்டு தரம் மினிபஸ்ஸில் ஒரு கலன் ஏற்றிவிடுவார். என்னிடம் சைக்கிள் இருந்தபடியால் நல்லூர் முத்திரைச் சந்தியில் போய் நின்று இறக்குவது என் உத்தியோகம். கொண்டக்டர் என்னைக் கண்டதும், "தம்பி, கங்கா தீர்த்தம் வந்திருக்கு!" என்று பஸ் முழுக்கக் கேட்கக் கத்துவார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வேலைப் பட்டறையில் காஸ் நெருப்புக் குழாயைக் கையில் எடுத்தால் பார்த்தீபன் வேறு ஆள். செப்புக் குழாய் இரண்டை அவன் ஒட்டினால் எங்கே ஒட்டியது என்று தேட வேண்டும். நான் ஒட்டினால் எங்கே ஒட்டவில்லை என்று தேடத் தேவையில்லை, காற்றே சத்தம் போட்டுச் சொல்லும். பட்டறையில் படிப்பித்த சேர் எங்கள் இரண்டு பேரையும் ஒரு சோடியாகப் போட்டிருந்தார்.

மழை தூறிய ஒரு புதன்கிழமை, கலனோடு திரும்பி வரும்போது கரியரில் கட்டிய கயிறு அறுந்தது. கலன் உருண்டு போய் ஒரு ஓட்டோவின் முன்சில்லின் கீழ் அகப்பட்டு உடைந்தது. தொண்டைமானாறு முழுவதும் நல்லூர் வீதியில் ஓடியது.

அன்று காலையில்தான் அவன் சொல்லியிருந்தான்: "வெள்ளிக்கிழமையோடை நான் போறன் மச்சான். கோர்ஸ் வேண்டாம். அப்பாவோடை கடலுக்குப் போறன்."

"நீயோ? றோட்டிலை வெள்ளம் நிண்டாலே தலை சுத்துது எண்டு சொல்லுறனி!"

"வயிறு சரிவராதடா. நான் முடிவெடுத்திட்டன்."

இந்த நிலைமையில் வெறுங்கையோடு போனால் அவன் வெள்ளி வரைக்கும் பொறுக்க மாட்டான். கடையில் புதுக் கலன் ஒன்று வாங்கினேன். நாகேஸ்வரி அன்ரியின் கிணற்றில் அள்ளி நிரப்பினேன். அவன் தன் தண்ணீரில் ஒரு சொட்டுக்கூட யாருக்கும் தந்ததில்லை. ஆனாலும் அந்தப் பக்கத்துத் தண்ணீர் உப்பு என்பது எங்கள் ஊரில் பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். கடல் வாசலில் இருக்கிற ஊர் அல்லவா? ஒரு கரண்டி உப்புப் போட்டுக் குலுக்கினேன். ருசி பார்த்தேன். அந்தக் குடும்பத்தை நினைக்கப் பாவமாக இருந்தது.

பார்த்தீபன் ஒரு பேணி நிறைய வார்த்து வாயில் வைத்தான். கொஞ்ச நேரம் விழுங்காமல் நின்றான். என்னைப் பார்த்தான். பிறகு விழுங்கினான்.

"எப்பிடி?"

"இதுதான் மச்சான். இதுதான்."

அன்றைக்கு இரண்டு கோப்பை புட்டுச் சாப்பிட்டான். வெள்ளிக்கிழமை பையைத் தூக்கவில்லை.

இதற்குப் பிறகு நான் ஏன் சந்திக்குச் சைக்கிள் மிதிக்க வேண்டும்? அருந்ததி அன்ரிக்குப் போன் எடுத்தேன். "அன்ரி, இனித் தண்ணி அனுப்ப வேண்டாம். அவனுக்கு இஞ்சத்தைத் தண்ணி பழகீட்டுது."

"உண்மையாவோ தம்பி? வயிறு?"

"கருங்கல்லு, அன்ரி!"

அதிலிருந்து கிழமைக்கு இரண்டு தரம் கிணற்றடியில் ஒளித்து அள்ளினேன். நாகேஸ்வரி அன்ரி கண்டுவிட்டால், சைக்கிள் கழுவ என்பேன். அந்த ஆண்டில் யாழ்ப்பாணத்திலேயே மிகச் சுத்தமான சைக்கிள் என்னுடையது என்று அவர் இன்றும் நம்புகிறார்.

இதில் பாசம் கீசம் ஒன்றும் இல்லை. செய்முறைப் பரீட்சையைச் சோடியாகத்தான் செய்ய வேண்டும். அவன் போனால் எனக்குச் சோடி இல்லை. அவ்வளவுதான் சங்கதி.

பரீட்சையில் இரண்டு பேரும் சித்தி. அறைக்கு வந்ததும் பார்த்தீபன் கலனைச் சரித்து இரண்டு பேணியில் வார்த்தான். ஒன்றை என் பக்கம் தள்ளினான்.

"குடி."

"சீச்சீ, அது உன்ரை வீட்டுத் தண்ணியெல்லோ. நான் தொடமாட்டன்."

"குடியடா!"

ஒரு மிடறு குடித்தேன். அன்று அவசரத்தில் இரண்டு தரம் உப்புப் போட்டிருக்கிறேன்போல.

"எங்கடை கிணறு உப்புத்தான்," என்றான் பார்த்தீபன் அமைதியாக. "அதாலை நாங்கள் அதைக் குடிக்கிறேல்லை. குடிக்க அச்சுவேலிப் பக்கத்திலை இருந்து தாங்கி பூட்டின பவுசர் லொறியிலை வரும். தேன் மாதிரித் தண்ணி."

"பவுசர் தண்ணியையோடா நான் சந்தியிலை நிண்டு காவினனான்?"

"அதைவிடு. நீ போன் எடுத்த அண்டைக்கே அம்மா எனக்குச் சொல்லீட்டா."

"பிறகென்னத்துக்கு இந்த உப்புத் தண்ணியைக் குடிச்சனி?"

"முதல் நாள் நீ கிணத்தடியிலை குலுக்கிக் குலுக்கி ருசி பாத்ததை யன்னலாலை கண்டனான். உன்ரை மூஞ்சையைப் பாத்தாப் பிறகு, குடிக்கேலாது எண்டு சொல்ல மனம் வரேல்லை."

"பெரிய மனம்! டேய், நீ போனால் எனக்குச் சோடி இல்லை. அதுக்காண்டித்தான் செய்தனான்."

"ஓமோ? எங்கடை வகுப்புப் பிரவீணன்ரை சோடி கொழும்புக்குப் போனாப் பிறகு, அவன் உன்னைத் தன்னோடை சேரச் சொல்லி ரெண்டு தரம் கேட்டவனாம். நீ மாட்டன் எண்டனியாம்."

நான் பேணியில் இருந்த மிச்சத்தையும் குடித்து முடித்தேன்.

"அவன் பொய் சொல்லுவான்," என்றேன்.

"எங்கடை சேரும் அப்பிடித்தான் சொன்னவர்," என்றான். "சரி, நாளைக்கு உப்பில்லாமல் கொண்டு வா. அள்ளுறது உன்ரை வேலைதான்."