பையைக் காலி பண்ணிக் குடுங்க

பை தைக்கிறவளுக்கு ஊசியோடும் நூலோடும் மட்டும்தான் போராட்டம் என்று நம்பித்தான் கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இந்தக் கடையைப் போட்டேன். ‘பையைக் காலி செய்து கொடுக்கவும்’ என்று பலகையும் மாட்டினேன். பத்தாவது, பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்டு அல்லாடும் உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? அந்த வயசில் எவரும் பையைக் காலி செய்வதில்லை. பிள்ளையின் குணம் மொத்தமும் உள்ளே இருக்க, பை மட்டும் என் மேஜைக்கு வரும்.

ஜிப்பைப் பிய்த்த சாவிகள்

ஒன்பதாவது படிக்கும் ஒரு பையன், ஒரே மாதத்தில் மூன்றாவது முறையாக முன்பக்க ஜிப்பைப் பிய்த்துக்கொண்டு வந்தான். பையைக் கவிழ்த்தேன். மேஜை முழுக்கச் சாவி. சைக்கிள் சாவி, பீரோ சாவி, துருப்பிடித்த பூட்டுச் சாவி என்று பதினேழு. அன்றைக்கு ஏற்கெனவே ஓர் ஊசி உடைந்த கடுப்பு எனக்கு. “உங்க ஊட்ல எத்தினி கதவுடா?” என்று கத்தினேன்.

ரெண்டுதானாம். மற்றதெல்லாம் ரயில்வே ஸ்டேஷனிலும் ரோட்டிலும் பொறுக்கியது. தூக்கிப் போடச் சொன்னதும் இரண்டு கையாலும் அள்ளி மூடிக்கொண்டான். “தொலச்சவங்க தேடிக்கினு வருவாங்கக்கா. அப்போ யாராண்ட போய்க் கேப்பாங்க?”

பூட்டு போட்ட டைரி

பதினோராவது படிக்கும் மகளின் ஜிப் ஓடாத பையோடு ஓர் அம்மா வந்தார். காலி செய்து தரச் சொன்னேன். அதற்கே காத்திருந்தவர் போல என் மேஜையிலேயே சோதனை போட ஆரம்பித்துவிட்டார். பென்சில்களுக்கு ரப்பர் பேண்டு, புத்தகங்களுக்கு மடிப்புக் கலையாத அட்டை, பஸ் பாஸுக்குத் தனி உறை. இப்படிப்பட்ட பிள்ளையிடம் என்னத்தைத் தேடுகிறார் என்று எரிச்சலாக வந்தது.

அடியில் சின்னப் பூட்டு போட்ட டைரி ஒன்று கிடைத்தது. என்னுடைய கட்டிங் பிளேயரை அவரே எடுத்தார். பிடுங்கி வைத்தேன். “ஜிப்புதான்க்கா என் வேலை. இன்னா விஷயம்னு அவளையே கேளு” என்றேன். அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “அவ பேசுனாத்தானே கேக்குறதுக்கு? ரெண்டு மாசமா இந்த டைரிகிட்டதான் பேசிக்கினுகிறா.”

ஸ்பெஷல் கிளாஸ்

கம்பெனி யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் ஓர் அப்பா வந்தார். பிளஸ் டூ படிக்கும் மகளின் பையில் தோள்பட்டை வார் அறுந்திருந்தது. கவிழ்த்தேன். வியர்வை காய்ந்த கபடி டி-ஷர்ட், முட்டிக்கு மாட்டும் நீ-கேப், வலிக்கு அடிக்கிற ஸ்ப்ரே எல்லாம் வந்து விழுந்தன.

“சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸுன்னு இல்ல சொன்னா?” என்றார். ஒரு பெண்ணின் ஆட்டத்தையே கெடுத்துவிட்டேனோ! “என்னாண்ட கத்தாதீங்கண்ணா” என்று முந்திக்கொண்டேன். அவர் கத்தவில்லை. நீ-கேப்பை இழுத்து இழுத்துப் பார்த்தார். எலாஸ்டிக் தொய்ந்து போயிருந்தது. “இத்தயும் இறுக்கித் தச்சிடும்மா. எங்க இருந்திச்சோ அங்கயே வச்சிடு. அவளா சொல்றவரைக்கும் நான் ஒண்ணும் பாக்கல.”

ஊர்ப் பிள்ளைகளின் ரகசியத்தையெல்லாம் மடியில் கட்டிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள் போல ஜிப்பை ஓட்டிக் காட்டுவதற்குப் பெயர்தான் பை தைக்கிற தொழில்.