முதல் மாலை துரைக்கு

சிறந்த பகுதிநேர விரிவுரையாளர் விருதுக்கு மாணவர்கள் என்னைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். பல்கலைக்கழகம் நாங்கள் குடியிருக்கும் தேயிலை மலைக்குக் கீழே இருக்கிறது. பல வருடங்களாகக் காய்கறி லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து இறங்கிப் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தவள் நான். சராசரி என்றாலே மிரளும் பிள்ளைகளுக்கு, எங்கள் மலையிலுள்ள கோலா தெர்லா ஊரின் தக்காளிப் பெட்டிகளை வைத்துப் பாடம் நடத்தினேன். நிரந்தர விரிவுரையாளர்கள் வேண்டாமென்று தள்ளிய வகுப்புகள் எல்லாம் என் தலையில்தான் விழும்.

ஒவ்வொரு செமஸ்டரோடும் என் ஒப்பந்தமும் முடிந்துவிடும். மறுபடி கூப்பிடுவார்களா என்று துறைத்தலைவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். விருது கிடைத்தால் நிரந்தரமாக்கிவிடுவார்கள் என்று நம்பினேன். படித்த முட்டாள்.

விழாவை விடுமுறையில் வைத்தார்கள். ஒப்பந்தம் முடிந்திருந்ததால் என் அட்டைக்கு வாசல் கதவு திறக்கவில்லை. காவலாளி சங்கடத்தோடு பார்வையாளர் அட்டையை நீட்டினார். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் விருது வாங்கப் போனேன். மண்டபத்து வாசலிலேயே துறைத்தலைவர், "அடுத்த செமஸ்டர் மாணவருங்க கம்மி. உங்களுக்கு கிளாஸ் இருக்குமான்னு தெரியலலா" என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார்.

என்னோடு வந்த அப்பாவுக்கு இது கேட்கவில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் உழைத்து ஓய்ந்தவர். ரிங்லெட் டவுனில் கட்டச் சொல்லி வாங்கிய ரோஜா மாலையை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எங்கள் தோட்டத்தில் யாருக்கு என்ன பாராட்டு என்றாலும் முதல் மாலை துரைக்குத்தான். மேனேஜர் என்று போர்டு எழுதி எத்தனையோ காலமாகிவிட்டது, எங்களுக்கு அவர் இன்னும் துரை. மாலையை ஏற்ற துரை, கேட்டதைத் தட்ட மாட்டார் என்று ஒரு நம்பிக்கை.

விருதை வாங்கிக்கொண்டு நின்றேன். அப்பா மாலையோடு மேடையேறினார். நான் தலையைக் குனிந்தேன். அவர் என்னைத் தாண்டிப் போய்த் துறைத்தலைவரின் கழுத்தில் போட்டுக் கும்பிட்டார்.

"ஐயா, எம்புள்ளைய பெர்மனன்ட் பண்ணி விட்ருங்கய்யா. நல்லா படிச்சுக் கொடுப்பா."

"பாக்கலாம் அங்கிள், கண்டிப்பா பாக்கலாம்" என்றார் அவர், கேமராவைப் பார்த்துக்கொண்டே.

எனக்கு அப்பா மேல் கொஞ்சம் கோபம். வகுப்பே சந்தேகமென்று சற்றுமுன் என்னிடம் சொல்லிவிட்டு, கூசாமல் கழுத்தை நீட்டிய அந்த மனிதர் மேல் நிறையவே கோபம். பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில் வந்த படத்தில் மாலையோடு அவர் நடுவில் நிற்கிறார். நான் ஓரத்தில், பாதித் தோள் வெட்டுப்பட்டு நிற்கிறேன்.

அடுத்த செமஸ்டர் எனக்கு வகுப்பு இல்லை. என் பாடத்தைப் புதிதாக வந்த இன்னொரு பகுதிநேரப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். விருது பெற்ற என் ஸ்லைடுகளை அவளுக்கு அனுப்பி உதவ முடியுமா என்று துறைத்தலைவர் வாட்ஸ்அப்பில் கேட்டார். அனுப்பினேன். பகைத்துக்கொண்டால் அதற்கடுத்த செமஸ்டரும் போய்விடுமே.

அப்பாவிடம் லீவு நீள்கிறது என்று சொல்லி வைத்தேன். தீபாவளியன்று காலையில் அவர் முறுக்கும் அதிரசமும் அடுக்கிய தட்டைத் துணி போட்டு மூடிக்கொண்டிருந்தார்.

"அந்த தொரைக்கு இத கொடுத்துட்டு வந்துருவோம்மா. நம்மகிட்ட மாலை வாங்குன மனுசன், மறந்துற மாட்டாரு."

வெட்கமாக இருந்தது. துறைத்தலைவரின் வீடு எங்கே என்று போனில் தேடிவிட்டு, கார்ச் சாவியை எடுத்தேன்.