பூக்கேட்டு எடுத்த எம்.ஏ.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி, பலராமன் வீட்டு மாடியில் இரண்டு அறைகள் உண்டு. அவை காலியாகக் கிடந்ததே இல்லை. அந்த அறைகள் மட்டும் இல்லாவிட்டால் அவருடைய மகள் வேதா, பி.ஏ. வரலாறு முடித்த கையோடு வேங்கிக்காலில் ஏதாவது ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டு, நல்ல பெண் என்று பெயர் எடுத்திருப்பாள். சர்வதேசப் பாதுகாப்பு என்று ஒரு படிப்பு இருப்பதே அவளுக்குத் தெரிந்திருக்காது.

நடந்தது இதுதான். மாடியில் கிழக்கு அறைக்கு ரஷ்யாவிலிருந்து ஒரு தாடிக்காரர் தியானம் செய்ய வந்தார். மேற்கு அறைக்கு உக்ரைனிலிருந்து ஓர் அம்மையார் வந்தார், அவரும் தியானத்துக்குத்தான். அங்கே இரண்டு நாடுகளுக்கும் சண்டை. இங்கே இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே குளியலறை, ஒரே தண்ணீர்த் தொட்டி. மன அமைதி தேடி அவ்வளவு தூரம் வந்தவர்கள், ஒரு பக்கெட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு போட்ட சத்தத்தில் கிரிவலம் போகிறவர்களே நின்று அண்ணாந்து பார்த்தார்கள்.

வேதா மேலே போனாள். காலை அம்மையாருக்கு, மாலை தாடிக்காரருக்கு, மோட்டார் ஸ்விட்ச் மட்டும் யாருக்கும் இல்லாமல் தன் கையில் என்று பேசி முடித்துவிட்டு இறங்கினாள். அதற்குப் பிறகும் அவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரிக்கவில்லை. ஆனால் பக்கெட் உடையவில்லை. இந்த வேலையை உலகத்தில் யாராவது சம்பளம் கொடுத்துச் செய்யச் சொல்கிறார்களா என்று வேதா அன்றைக்கே போனில் தேடினாள்.

சொல்கிறார்கள், அதற்கு எம்.ஏ.வே இருக்கிறது என்று தெரிந்தது. விண்ணப்பம் போட்டாள், தேர்வு எழுதினாள், வீடியோவில் நேர்முகத்துக்கு உட்கார்ந்து பக்கெட் கதையை ஆங்கிலத்தில் சொன்னாள். தில்லியில் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. சென்னையிலும் ஒன்றில் கிடைத்தது. சென்னையில் கடலும் கப்பலும் கடலோரக் காவலும் நன்றாகவே சொல்லிக்கொடுப்பார்கள் என்று கேள்வி. தில்லியில் எல்லை, நதிநீர், போர் நிறுத்தம். அதிலும் மாணவர்களை இரண்டு நாடுகளாகப் பிரித்து மேசைக்கு இரண்டு புறமும் உட்கார வைத்துவிடுவார்களாம், ஒப்பந்தம் ஆகிற வரைக்கும் எழுந்திருக்க விடமாட்டார்களாம். அதைப் படித்ததும் வேதாவுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. ஒரு பாடத்திட்டத்தை மசாலா தோசையைப் பார்ப்பது போலப் பார்த்த பெண்ணை அந்த ஊர் அதற்கு முன்னால் கண்டதில்லை.

இந்தச் சமயத்தில்தான் வண்டலூரிலிருந்து தாய்மாமன் ராஜமாணிக்கம் காரில் வந்து இறங்கினார்.

"சென்னைன்னா நம்ம வூடு இருக்குது. மாடி ரூம்ல ஏசி போட்டுட்டேன். அங்கேயே தங்கி இன்னா வேணா படிக்கட்டும், யாரு கேக்கப் போறா?" என்றார்.

ஏசி யாருக்கு, எதற்கு என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அவருடைய மகன் மாறன் வேதாவுக்கு முறைப்பையன். அவன்மேல் சொல்லும்படியாக ஒரு குறையும் இல்லை. வேதாவுக்கு அவன்மேல் ஆசையும் இல்லை. இதை மாமாவிடம் சொல்வது யார்? ஒரு கல்யாணப் பந்தியில் தன் இலைக்குப் பாயசம் தாமதமாக வந்ததற்காக, சொந்தச் சித்தப்பா வீட்டோடு மூன்று வருஷம் பேசாமல் இருந்த மனிதர் அவர். வேதாவின் அம்மா எல்லம்மாளுக்குக் கூடப் பிறந்தவர் அவர் ஒருவர்தான். அண்ணன் சொல்லுக்கு மறுசொல் அவள் வாயிலிருந்து பிறந்து யாரும் கேட்டதில்லை. பலராமனோ இரண்டு பெரிய நாடுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட சின்ன நாடு. யார் பேசினாலும் தலையை ஆட்டுவார்.

எல்லம்மாள்தான் சொன்னாள்: "அம்மனைக் கேட்டுடலாம் ண்ணா. வெள்ளிக்கெழம பூப் போட்டுப் பாத்துடுவோம்."

வெள்ளை அரளி ஒன்று, செவ்வரளி ஒன்று. தனித்தனியாக வாழையிலைத் துண்டில் மடித்து நூல் சுற்றி, ஏரிக்கரை மாரியம்மன் காலடியில் வைத்துவிட வேண்டும். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். பெண் பார்க்கவும், கிணறு வெட்டவும், ஆபரேஷன் செய்யலாமா வேண்டாமா என்று தெரிந்துகொள்ளவும் அந்தப் பக்கத்தில் அப்படித்தான் கேட்பார்கள். எம்.ஏ.வுக்குக் கேட்டது அதுதான் முதல் தடவை. வெள்ளை வந்தால் சென்னை, சிவப்பு வந்தால் தில்லி என்று பேச்சாயிற்று. ராஜமாணிக்கம் பக்திமான், உடனே ஒப்புக்கொண்டார்.

வேதாவுக்கு மட்டும் இதில் நம்பிக்கை இல்லை. பூவை மடித்து வைக்கப்போவது அம்மா. அம்மா யார் பக்கம் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. போதாததற்கு வியாழக்கிழமை போனில் அம்மா, "நீ கவலப்படாத ண்ணா, அம்மன் பாத்துக்குவா" என்று சிரித்ததை வேறு காதால் கேட்டுவிட்டாள். சிரிப்பா அது? ரெண்டு பொட்டலத்திலும் வெள்ளையை வைக்கப்போகிறவள் சிரிக்கிற சிரிப்பு!

தில்லிக்காரர்கள் முன்கூட்டியே படிக்கச் சொல்லி அனுப்பிய பாடத்தில் ஒரு விஷயம் இருந்தது. ஒரு நாடு பயந்துபோய்த் தன் கதவுக்குத் தாழ்ப்பாள் போடும். அதைப் பார்த்துப் பக்கத்து நாடு பயந்துபோய்ச் சுவர் எழுப்பும். இரண்டு பேருக்குமே சண்டை போடும் எண்ணம் இருந்திருக்காது. இந்த இடத்தைப் பச்சை மையால் கோடிட்டு வைத்திருந்த அதே வேதாதான், வெள்ளிக்கிழமை காலையில் மாடிக்குப் போய், இரண்டு செவ்வரளியை இரண்டு வாழையிலைத் துண்டில் மடித்து நூல் சுற்றினாள்.

அம்மா குளிக்கப் போனதும் பூஜைத் தட்டிலிருந்த பொட்டலங்களை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு, தன்னுடையதைத் தட்டில் வைத்தாள். அம்மாவின் பொட்டலங்களைப் பிரித்துப் பார்க்க நேரம் இருந்தது. பார்க்கத் தோன்றவில்லை. உள்ளே என்ன இருக்கும் என்றுதான் தெரியுமே.

கோயிலில் கூட்டமில்லை. பூசாரி மணிவேல் கற்பூரம் காட்டி, கண்ணை மூடி, ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். சிவப்பு.

வேதா மூச்சு விட்டாள். எல்லம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பலராமன் தலையை ஆட்டினார். ராஜமாணிக்கம் மட்டும் அசையாமல் நின்றார். கட்டடக் காண்ட்ராக்டர் அவர், சிமெண்டில் எவ்வளவு மணல் என்று தூரத்திலிருந்தே மோப்பம் பிடிக்கிறவர்.

"இன்னொண்ணயும் பிரி."

"அது வழக்கமில்லீங்க."

"பிரிய்யான்றேன்."

பிரித்தார். அதுவும் சிவப்பு.

வேதாவுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. இனி சென்னைதான், ஏசிதான், மாறன்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அம்மா முன்னால் வந்து நின்றாள்.

"நான்தான் ண்ணா. ரெண்டுலயும் செவப்பு வெச்சது நான்தான்."

வேதா உருகிப்போய்விட்டாள். தன் பெண்ணின் திருட்டைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறாளே! இந்தத் தாயையா சந்தேகப்பட்டோம்? அதற்கு மேல் அவளால் சும்மா நிற்க முடியவில்லை.

"இல்ல மாமா, அம்மா பொய் சொல்லுது. நான்தான் மாத்தி வெச்சேன். அம்மா வெச்சது தோ, எம் பையில கீது."

ஒரு பொட்டலத்தை வெளியே எடுத்தாள். ஒன்றை மட்டும் பிரித்துக் காட்டினால் போதும், வெள்ளைதான் வரும், இன்னொன்றும் வெள்ளை என்பது வெளியே தெரிய வேண்டாம், அம்மாவின் மானம் காப்பாற்றப்படும் என்று அந்த அவசரத்திலும் கணக்குப் போட்டாள். நூலை அறுத்தாள்.

சிவப்பு.

ராஜமாணிக்கம் அவள் பைக்குள் கையை விட்டு நான்காவதையும் பிடுங்கிப் பிரித்தார். அதுவும் சிவப்பு. தட்டில் நான்கு செவ்வரளி வரிசையாகக் கிடந்தன. மணிவேல் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

"நாலும் செவப்புங்க. இதுக்கு மேல அம்மன் இன்னா சொல்லணும்?"

"யோவ், நீ கம்முனு இரு." ராஜமாணிக்கம் தங்கை பக்கம் திரும்பினார். "அம்மன் பேச்ச வுடு எல்லம்மா. உனுக்கு இன்னா வேணும்? உன் வாயால சொல்லு."

எல்லம்மாள் இத்தனை பாடுபட்டதே இந்தக் கேள்வி வரக் கூடாது என்றுதான். மறுப்பு அம்மன் வாயிலிருந்து வந்தால் அண்ணன் அம்மனோடு கோபித்துக்கொள்ள முடியாது, தன் வீட்டுக்கும் வந்துபோய்க்கொண்டிருப்பார் என்று நினைத்திருந்தாள். இப்போது அம்மனை முன்னால் நிறுத்த வழியில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அவ டெல்லிக்குப் போவட்டும் ண்ணா. மாறனுக்கு வேற எடத்துல பாரு."

ராஜமாணிக்கம் விடுவிடுவென்று காருக்குப் போய்விட்டார். அப்போதுதான் பலராமன் தன் வாழ்நாளில் முதல் தடவையாக யாரும் சொல்லாமல் ஒரு காரியம் செய்தார். பொங்கல் தொன்னையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி, "மச்சான், பிரசாதம்" என்று கார் ஜன்னலுக்குள் நீட்டினார். ராஜமாணிக்கம் அவர் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார். கார் கிளம்பியது.

மூன்று வருஷம் ஆகுமோ, அதற்கு மேலும் ஆகுமோ என்று எல்லம்மாள் தூசு அடங்குகிற வரைக்கும் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா இவ்ளோ கலாட்டா வந்திருக்குமா? நான் பயந்தே செத்தேன்" என்றாள் வேதா.

"நீ கேட்டியா? ஊருல இருக்கறவங்கள எல்லாம் கேட்டியே, டெல்லியா சென்னையான்னு. என்னைய ஒரு வார்த்த கேட்டியா?"

வேதா அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, பூசாரி பார்க்கிறாரே என்ற வெட்கம்கூட இல்லாமல் சத்தமாக அழுதாள். எல்லம்மாள் கொஞ்ச நேரம் அழவிட்டாள். பிறகு தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் முதுகில் ஒன்று போட்டாள்.

"போதும்டி, அம்மன் பாக்குது. ஏற்கெனவே நம்ம ரெண்டு பேரு மேலயும் அதுக்கு நல்ல அபிப்ராயம் கெடையாது."