ஒட்டிப்போன கடைசிப் பக்கங்கள்

தொலைக்காட்சிப் பெட்டியைக் கண்ணால் காணுமுன்பே தொலைக்காட்சி நாடகத்தில் பைத்தியமானவள் நான். எல்லாம் ஒரு நனைந்த புத்தகம் செய்த வேலை.

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி நான் ஆங்கிலம் படிப்பித்த பாடசாலையின் கூரையைப் பிடுங்கிக்கொண்டு போனது. நூலகப் புத்தகங்களை வெயிலில் காயப்போட்டு, தேறாதவற்றைக் கொளுத்தச் சொன்னார் அதிபர். எனக்குக் கை வரவில்லை. ஒன்றைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்து மருதமுனை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஆங்கிலத் தொலைக்காட்சிக்கு விண்வெளிக் கதைகள் எழுதிய ஒருவரின் நாடகப் பிரதிகள், எல்லாம் ஒரே தொகுப்பாக. நடித்தவர்களின் முகத்தை ஊரே அறியும், எழுதியவரின் பெயரை ஒருவரும் அறியார் என்று முன்னுரைக்காரர் கோபித்திருந்தார். வாசிக்க வாசிக்க எனக்கும் கோபம் வந்தது.

'கதவு திறக்கிறது. வெளியே ஒன்றுமில்லை. அவன் சிரிக்கிறான்.' இப்படித்தான் எழுதுவார். அந்த மூன்று வரியில் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

வீட்டுக்குப் பின்னால் வாப்பாவின் கைத்தறி. நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு அயல் பெண்கள் நூல் சுற்ற வருவார்கள். நான் கதையைத் தமிழில் சொல்ல, ராட்டுகள் சுற்றும். நாங்கள் ராத்தா என்று அழைக்கும் எதிர்வீட்டு அக்காவும் வருவார். அவருடைய கணவர் சூறாவளிக்கு முதல்நாள் கடலுக்குப் போனவர். தோணியும் வரவில்லை, மையத்தும் கரையொதுங்கவில்லை. கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து வீட்டுக்குள் இத்தா இருக்கவேண்டும். மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் காதியார் சொல்லியும் கூடப்பிறந்த காக்காமார் கெஞ்சியும் ராத்தா மசியவில்லை. மையத்தைக் காணாமல் வெள்ளை உடுப்பது எப்படி என்று ஒரே பிடியாக நின்றார்.

கடைசி நாடகத்தில், விண்கலத்தில் தனியே போன ஒருவனின் குரல் பூமியிலிருக்கும் மனைவியின் வானொலிக்கு வருகிறது. தூரம் கூடக்கூட, அவன் சொன்னது வந்துசேர வருடங்கள் பிடிக்கின்றன. அவன் திரும்பி வருவானா? சரியாக அந்த இடத்தில் பக்கங்கள் ஒட்டிப்போய்க் கிடந்தன.

ராத்தா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சும்மா இருக்காத வாய் எனக்கு. அவன் திரும்பி வந்தான், அவள் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து அழுதாள், இரண்டு பேரும் நெடுநாள் வாழ்ந்தார்கள் என்று அளந்துவிட்டேன். மற்றப் பெண்கள் அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள். ராத்தா குனிந்து ராட்டைச் சுற்றினார்.

ஒரு வருடம் அந்தப் பொய் என்னை அரித்தது. ராத்தா இத்தா இருக்காமல் காத்துக்கிடப்பது என்னால்தானோ என்று பயந்தேன். ஒரு காலை பிட்டு அவிக்கும்போது சட்டென்று யோசனை வந்தது. ஒட்டிய பக்கங்களைப் பானையின் ஆவியில் பிடித்தேன். ஒவ்வொன்றாகப் பிரிந்து வந்தன.

அடுப்படியில் நின்றபடியே வாசித்தேன். அவன் வரவில்லை. அவன் செத்து எவ்வளவோ காலம் என்பது அவளுக்குத் தெரியும். குரல் மட்டும் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. முடிவில் பேச்சே இல்லை. 'அவள் வானொலியை நிறுத்துகிறாள். எழும்பி ஜன்னலைத் திறக்கிறாள். வெளிச்சம்.' எங்கோ குளிர்நாட்டில் இருந்த ஒரு மனிதர் எங்கள் ராத்தாவின் வீட்டுக்குள் எப்படி வந்து பார்த்தார் என்று மலைத்துப்போய் நின்றேன். பானையில் தண்ணீர் வற்றிப் புகை மணத்த பிறகுதான் பிட்டின் நினைவு வந்தது.

அன்று பின்னேரமே உண்மையான முடிவைச் சொன்னேன். முந்தியது என் சொந்தச் சரக்கு என்பதையும் ஒப்புக்கொண்டேன். ராத்தாவின் ராட்டு நின்றது.

"எனக்கு அண்டைக்கே விளங்கிட்டு, புள்ள," என்றார். "மத்த எந்தக் கதையிலயும் எழுதின அந்த மனிசன் ஒரு சொல்லுக் கூடுதலாச் சொல்லல்ல. நீ சொன்ன முடிவுல சொல்லு கூடிப்போச்சு."

குர்ஆன் ஓதத் தெரியும், தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது அவருக்கு. உலகம் கண்டுகொள்ளாத அந்த எழுத்தாளரை அவர் கண்டுகொண்டிருந்தார். அப்படியென்றால் ஏன் இவ்வளவு நாளும் உண்மையான முடிவைக் கேட்கவில்லை என்றேன்.

"நீ எனக்காகப் பொய் சொல்லக்குள்ளதான் எனக்குத் தெரிஞ்ச, எண்ட புருசன் வரமாட்டாரெண்டு. அத அந்த மனிசண்ட வாயால கேக்கத்தான் இருந்தன்."

பிறகு, சுற்றிக்கொண்டிருந்த பச்சை நூலை அறுத்து முடிச்சுப் போட்டு வைத்தார். எங்கள் தறியில் வெள்ளைச் சேலை ஒன்று நெய்ய எத்தனை நாள் செல்லும் என்று கேட்டார். மூன்று நாள் என்றேன். வெள்ளை நூலைக் கேட்டு வாங்கி, தானே சுற்றத் தொடங்கினார்.