நூற்றைம்பத்து மூன்று மீன்களை எண்ணியது யார்

2025 மே 3, சனிக்கிழமை, காலை 5.40. வானம் மூடியிருந்தது, காற்று அசையவில்லை, மழை இன்னும் விழவில்லை. பாம்பூஃப்ளாட் படகுத்துறையில் என்னையும் சேர்த்து முப்பத்தொரு பேர் எதிரே சாத்தம் தீவுக்குப் போகும் படகுக்குக் காத்திருந்தோம். மற்றவர்கள் வேலைக்குப் போகிறவர்கள். நான் மீன்காரர்களிடம் ஒரு கேள்வி கேட்கப் போனேன்.

அன்று மாலை ஆறு மணிக்கு எங்கள் தேவாலயத்தின் அன்பியக் கூட்டம். நாற்பது தமிழ்க் குடும்பங்கள். சனிதோறும் ஒரு வீட்டில் கூடி, மறுநாள் நற்செய்தியை வாசிப்போம். ஒருவர் மூன்று நிமிடம் சிந்தனை சொல்ல வேண்டும். என் முறை நாற்பது வாரத்துக்கு ஒரு தடவை வரும். போன தடவை அப்பம் பலுகிய பகுதி. மீந்த பன்னிரண்டு கூடைகளில் எத்தனை கிலோ பிடிக்கும் என்று பதினோரு நிமிடம் பேசினேன். இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள்.

அன்பியத் தலைவி ஆஸ்பத்திரி நர்ஸ். அந்த வாரம் போனில் சொன்னாள்: "அங்கிள், இந்தத் தடவையும் கணக்குப் பாடம் எடுத்தீங்கன்னா உங்க முறைய வேற ஆளுக்குக் குடுத்துருவேன். கோவிச்சுக்கக் கூடாது."

கோபமில்லை, பயம்தான். மனைவி போன பிறகு நான் பேச, பிறர் உட்கார்ந்து கேட்கும் இடம் அது ஒன்றுதான்.

ஆனால் வாசகமோ யோவான் நற்செய்தி இருபத்தொன்றாம் அதிகாரம். ஏழு சீடர்கள் இரவெல்லாம் ஒன்றும் கிடைக்காமல், கரையில் நிற்பவர் சொன்ன பக்கம் வலை போடுகிறார்கள். நூற்றைம்பத்து மூன்று பெரிய மீன்கள். சிலுவையில் இறந்த ஆண்டவர் உயிரோடு வந்து அடுப்பு மூட்டி நிற்கும்போது, மீனை எண்ண யாருக்குத் தோன்றும்? எனக்கே தோன்றாது. நான்கு நாளாக இதுவே மண்டையைக் குடைந்தது.

ஜங்லிகாட் மீன்துறையில் ஒரு தெலுங்குக்காரர் மீனை இறக்கிக்கொண்டிருந்தார். பிடித்த மீனை எண்ணுவீர்களா என்று இந்தியில் கேட்டேன்.

"சின்ன மீன எடை போடுவோம், சாச்சா. பெரிசுன்னா எண்ணித்தான் பங்கு பிரிப்போம். யாரு படகு?"

"ரொம்பப் பழைய படகு. ஏழு பேர்."

"மோட்டார்?"

"இல்லை."

"அப்ப டீசலுக்குப் பங்கு கிடையாது. ஆள் ஏழு, படகுக்கு ஒண்ணு, வலைக்கு ஒண்ணு. ஒம்பது. மீன் எத்தன?"

"நூற்றைம்பத்து மூன்று."

வலையை மடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி நிமிராமலே சொன்னாள்: "ஆளுக்குப் பதினேழு. மீதி இல்ல."

நான் ஏழால் வகுத்து, ஆறு மீந்து, மூன்று இரவு தூக்கம் கெட்டிருந்தேன். படகும் வலையும் பங்கு கேட்கும் என்று எனக்குத் தெரியாது.

"கரையில் நிற்கிறவர், மீன் கொஞ்சம் கொண்டுவாங்க, சாப்பிடலாம் என்கிறார். அது யார் பங்கிலிருந்து போகும்?"

"யார் பங்குலயும் இல்ல. குழம்புக்கு முதல்லயே எடுத்து வச்சுருவோம். அடுப்புக்குப் போறத யாராவது எண்ணுவாங்களா, சாச்சா?"

வீட்டுக்கு வந்து மறுபடி வாசித்தேன். மீன் கொண்டுவரச் சொல்வது ஒரு வசனம். எண்ணிக்கை அதற்கு அடுத்த வசனத்தில்தான் வருகிறது.

மாலையில் இதைச் சொன்னேன். ஒன்பது பங்கையும் சொன்னேன். தலைவி கடிகாரத்தைப் பார்த்தாள். ஆண்டவர் கேட்டது எண்ணாத மீனை என்றால், எண்ணுவதற்கு முன் நான் எதை எடுத்து வைத்திருக்கிறேன் என்று தேடினேன், இன்னும் அகப்படவில்லை என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். இரண்டு நிமிடம் நாற்பது வினாடி.

பிறகு எதிரே இருந்த தச்சர் கேட்டார்: "அங்கிள், இவங்க கரைக்கு வர்றதுக்கு முன்னாலயே அடுப்புல ஒரு மீன் கிடந்துச்சே. அது ஏது?"

நான் அதைக் கவனிக்கவே இல்லை. ஏழரை மணி வரை ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருவரும் தூங்கவில்லை.

செருப்பு மாட்டும்போது தலைவி சொன்னாள்: "நாப்பது வாரம் இருக்கு. அந்த மீன் எங்கேருந்து வந்துச்சுன்னு விசாரிச்சுட்டு வாங்க."

படகு, ஆட்டோ, மூன்று டீ, எல்லாம் போகவர இருநூற்று அறுபத்திரண்டு ரூபாய். மீன்காரர் மனைவி குழம்புக்கு என்று இலையில் சுற்றிக் கொடுத்த மீனுக்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டாள். அது இதில் சேரவில்லை.